மிச்சம் யாருடையது

வள்ளலார் என்று நாம் சொல்கிற இராமலிங்க அடிகள் 1858-இல் சென்னையை விட்டுக் கிளம்பினார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தவர். தாயோடும் உடன்பிறந்தாரோடும் பட்டணம் வந்து, ஏழுகிணறு வீராசாமித் தெருவில் அண்ணன் சபாபதியின் ஆதரவில் வளர்ந்தார். கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்த் தியாகராசரையும் நடந்தே போய்ப் பாடியவர், முப்பத்தைந்தை ஒட்டிய வயதில் அந்தத் தெருக்களை விட்டுச் சிதம்பரம் பக்கம் போனார். பிறகு கருங்குழி, அதற்கப்புறம் வடலூர்.

அந்த வீராசாமித் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில்தான் நானும் என் கணவரும் மாமியாரும் பல வருஷம் வாடகைக்கு இருந்தோம். இப்போது வடலூரில் இருக்கிறோம். இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னால் வள்ளலாரின் சன்மார்க்க அன்பர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறார்கள். "ஐயா போன வழியிலேயே வந்திருக்கீங்கம்மா" என்கிறார்கள். அன்பாகச் சொல்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது உறுத்துகிறது. நாங்கள் வாடகை கட்ட முடியாமல் வந்தவர்கள். குறிஞ்சிப்பாடியில் நாத்தனார் இருக்கிறார், அவர் வீடு பார்த்துக் கொடுத்தார். அதனால் இந்த ஊர் அமைந்தது.

செலவு தாங்காமல் ஊர் மாறுவதற்கும் உலகப் பற்றை விட்டு விலகுவதற்கும் நடுவில் எத்தனை தூரம் இருக்கிறது? இதை யோசிக்காமல் என்னால் இங்கே காலையில் கோலம் போடக்கூட முடிவதில்லை. ஏனென்றால் வள்ளலார் எழுப்பிய ஞானசபை இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். பசித்தவர்களுக்காக அவர் மூட்டிய அணையா அடுப்பும் அப்படித்தான்.

முதலில் எங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் பாரிமுனைப் பக்கம் ஒரு பாத்திர மொத்தக் கடையில் கணக்கு எழுதினார். நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறேன், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஏழுகிணற்றில் ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை. கடைசியாகக் கொடுத்த வாடகை 14,000. முன்பணம் பத்து மாத வாடகை. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று 2017-இல் போட்ட வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கே வந்துவிட்டது. ஆனால் சட்டத்தை எடுத்துக் காட்டுகிறவருக்கு வீடு கிடைக்காது என்பது வாடகைக்கு இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மின்சாரம் யூனிட்டுக்கு வீட்டுக்காரர் வைத்த விலை. தண்ணீர் விடியற்காலை அடிபம்பில் வரும். வராத நாளில் லாரிக்குக் குடத்தோடு நிற்க வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது, முழங்கால் தேய்ந்த என் மாமியார் பாதிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். "நம்ம ஊர்ப்பக்கம் போயிடலாம்டா" என்று அவர் மகனிடம் சொன்னது அன்றைக்குத்தான். நாங்கள் கிளம்பச் சில வருஷம் ஆயிற்று.

கணக்குப் பார்த்துக் கிளம்பியதில் குறைவொன்றும் இல்லை. குடும்பம் நடத்துகிறவர்கள் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அதைத் துறவு என்று பிறர் சொல்லும்போது பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது பொய்க்குத் துணைபோவது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், கடல் வாணிபத்தில் சேர்த்த செல்வம் அத்தனையையும் உதறிவிட்டுக் கிளம்பினார் என்று பட்டினத்தாரைப் பற்றிச் சொல்வார்கள். அவருடைய சமாதி திருவொற்றியூரில் கடலோரம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் மாமியார் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். அவரிடம் உதற ஒன்று இருந்தது. எங்களிடம் என்ன இருந்தது? அந்தப் பத்து மாத முன்பணம். அதிலும் சுண்ணாம்பு அடிக்க என்று ஒரு மாதத்தைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

வள்ளலார் ஏன் போனார் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு பதிப்பகத்துக்காகத் திருவருட்பா ஆறாம் திருமுறையின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில் அந்த இடம் வந்தது. மெய்ப்புத் திருத்துகிறவர் பொருளைப் படிக்கக் கூடாது, எழுத்தைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் பாடம். அந்த இடத்தில் பொருளைத்தான் படித்தேன். செல்வம் தேடுகிற பரபரப்பு மிகுந்த சென்னையில் இருந்தால் வம்பு தொல்லை வந்து சேரும் என்று மனசு பயந்துதான் சிறிய ஊர்ப்புறங்களை நாடினேன் என்று இறைவனிடம் சொல்கிறார்.

பயம். அத்தனை பெரிய அருளாளர் தம் புறப்பாட்டுக்குக் கொடுத்த பெயர் அது. தெளிந்த ஞானத்தினால் போனேன், உலகைக் கடந்ததால் போனேன் என்று எழுதியிருந்தால் நாம் நம்பியிருப்போம். அவர் அப்படி எழுதவில்லை. எனக்கு அவர் மேல் இருந்த பக்தி அந்த வரிக்குப் பிறகு இன்னும் ஆழமாயிற்று. புறப்பட்ட காரணத்தை வைத்து ஒருவருடைய புறப்பாட்டை எடைபோட முடியாது என்பதை நான் கற்றுக்கொண்டதும் அங்கேதான். பயந்தும் போகலாம், பணமில்லாமலும் போகலாம். போன இடத்தில், விடுபட்ட கையை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அவருக்கு அது உடனே நடந்துவிடவில்லை. கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் ஒரு விருந்தாளியாக ஒன்பது வருஷம் இருந்தார். 1865-இல் சன்மார்க்க சங்கம் தொடங்கினார். 1867-ஆம் ஆண்டு மே 23 அன்று, வடலூரில் பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து கொடுத்த நிலத்தில் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 21 அடி நீளம் என்பார்கள். எதிரே நின்றால் நீளம் தெரியாது, அனல்தான் தெரியும். சாதி, மதம், ஊர் எதையும் கேட்காமல் வந்தவருக்கெல்லாம் இலை போடுகிறார்கள். யாத்திரை வந்தவர்கள், பிள்ளைகள் கைவிட்ட முதியவர்கள், செங்கல் சுமந்துவிட்டு வருகிறவர்கள், லாரி ஓட்டுநர்கள் என்று எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள்.

எங்கள் கைக்கும் ஒன்று விடுபட்டது. இங்கே வாடகை 5,500. முன்னால் திண்ணை, பின்னால் துணி துவைக்கிற கல், ஒரு பலாமரம். படி ஏறுகிற வேலையே இல்லை. கணவர் கடைவீதியில் மூன்று கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறார். முன்பு வாங்கியதைவிட வருமானம் குறைவுதான். எனக்கு மெய்ப்பு இப்போது கணினியிலேயே வருகிறது, கணினியிலேயே போகிறது. எல்லாம் போக மாதம் ஆறாயிரத்துக்கு மேல் மிஞ்சுகிறது. கூடவே நேரம் மிஞ்சுகிறது. முன்பு அவர் ராத்திரி ஒன்பதரைக்கு வருவார், இப்போது விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் இருக்கிறார்.

அந்த மிச்சம் யாருடையது?

எங்களுடையது என்றுதான் முதலில் தோன்றும். நாம் முடிவெடுத்தோம், வேரைப் பிடுங்கிக்கொண்டு வந்தோம், ஆகவே நம்முடையது. நானும் அப்படிச் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் பக்கத்து வீட்டு அக்காவின் கையைப் பார்த்த பிறகு அது அவ்வளவு சுலபமாக வாயில் வரவில்லை.

இது முந்திரிச் சீமை. பண்ருட்டி தொடங்கி இந்தப் பக்கமெல்லாம் செம்மண்ணும் முந்திரித் தோப்பும்தான். அக்கா முந்திரிக் கொட்டை உடைக்கிறவர். கொட்டை ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார். விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே தெரியாது. ரேஷன் கடைக் கருவியில் கட்டைவிரல் பதியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒருநாள் வந்து உட்கார்ந்திருந்தார். கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. கை வெந்த நாளில் கிலோ குறையும், கூலியும் குறையும். அவர் உடைக்கிற பருப்பைத்தான் சென்னையில் நாங்கள் தீபாவளிக்கு நூறு கிராம் வாங்கிப் பாயசத்தில் போடுவோம்.

இந்த ஊரில் வீடு 5,500-க்குக் கிடைக்கிறது என்றால், அதற்கு மேல் கொடுக்க முடியாத கைகள் இங்கே நிறைய இருக்கின்றன என்று பொருள். கீரைக்கட்டு பத்து ரூபாய் என்றால், கீரை விற்கிற அம்மாவின் ஒரு காலை நேரத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். மலிவான ஊர் என்று வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. குறைந்த கூலியில்தான் அந்த மலிவு நிற்கிறது. பட்டணத்துக் கூலியை இங்கே கொண்டுவந்து செலவழிக்கிற என்னைப் போன்றவருக்கு அது நிம்மதி. இங்கேயே பிறந்து இங்கேயே கூலி வாங்குகிற அக்காவுக்கு அது மலிவே இல்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். வடக்குத்து இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். வீராணம் ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து அங்கே வந்து, சுத்திகரித்து, குழாயில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்குப் போகிறது. 2004-இலிருந்து அப்படித்தான். இந்தப் பக்கம் நெய்வேலி. 1956-இல் நிலக்கரி நிறுவனம் அமைந்தது முதல் பழுப்பு நிலக்கரிக்காக எத்தனையோ ஊர்கள் இடம்பெயர்ந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெல் நின்ற வயலில் எந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. அந்தக் கரியில் வரும் மின்சாரத்தில் சென்னையிலும் விளக்கு எரிகிறது. பட்டணத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்று நினைத்து வந்தால், பட்டணத்தின் அடுப்பங்கரைக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். அழுக்குப் பட்டணம், தூய கிராமம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாததற்குக் காரணம் இதுதான். ஒன்றின் வாழ்வு மற்றொன்றின் மண்ணிலிருந்து எடுத்தது.

என் கணவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படிப் பார்த்தா மூச்சுகூட விடமுடியாது. யார் உழைப்பையும் தொடாம யாரு வாழ முடியும்?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு வாழ்க்கையைத் தூய்மையாக்கிவிட வேண்டும் என்கிற ஆசையும் ஒருவிதப் பேராசைதான். குடும்பத்தை வாட்டிவிட்டுத் தருமம் செய்யச் சொல்லவில்லை வள்ளலார். ஜீவகாருண்ய ஒழுக்கத்தில், வீட்டாரைப் பசியில் தவிக்கவிட்டு அயலார் பசி தீர்க்கப் புறப்படுவதை அவர் ஒப்பவில்லை. வீட்டாருக்கு மட்டும் போட்டுவிட்டு வாசலில் நிற்கிற பசியைத் துரத்துவதையும் ஒப்பவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் குடும்பஸ்தன் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டியிருக்கிறார். அதற்கு அவர் வைத்த அளவுகோல் பசி. எதிரே இருப்பவருக்குப் பசிக்கிறதா, உன் கையில் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் ஆம் என்று பதில் வந்தால் அதற்கு மேல் தத்துவ விசாரம் வேண்டாம்.

ஆகவே மாமியாரின் மருந்துக்கு எடுத்து வைக்கிறேன். மகளின் விடுதிக் கட்டணத்துக்கு எடுத்து வைக்கிறேன். அதில் எனக்குக் கூச்சம் இல்லை. அதற்குப் பிறகும் இருப்பதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பட்டினத்தாரைப் போல உதற எங்களிடம் ஒன்றுமில்லை என்று மேலே எழுதினேன். எழுதிவிட்டு ஏழுகிணற்று மாடி வீட்டுப் பாட்டியை நினைத்துக்கொண்டேன். அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனை நடக்கிற தூரத்தில் இருக்கிறது, அங்கே செலவில்லாமல் நடக்கிறது. அவர் எந்த ஊருக்குப் போவார்? இங்கே பெரிய வைத்தியம் என்றால் கடலூர், இல்லாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர். அவருடைய மகள் சௌகார்பேட்டையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அந்த வேலை கணினியில் போய்வராது. நகரம் அவர்களைப் பிழிகிறது, அதே நகரம்தான் உயிரோடும் வைத்திருக்கிறது. போக முடிவதே ஒரு செல்வம். எனக்கு அது இருந்தது, பாட்டிக்கு இல்லை. 'செலவு கட்டுப்படலேன்னா ஊர்ப்பக்கம் போக வேண்டியதுதானே' என்று இப்போது எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. படிப்பும் தொழிலும் உடம்பும் இடம் கொடுத்தவர்கள், கொடுக்காதவர்களைப் பார்த்து அப்படிச் சொல்வது கருணை இல்லாத பேச்சு.

வள்ளலார் போனாரே தவிர, விட்டு வந்தவர்களை அறுத்துக்கொள்ளவில்லை. தருமச்சாலை திறந்த அதே 1867-இல்தான் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சாகி வெளிவந்தன. தொழுவூர் வேலாயுத முதலியாரும் சென்னை அன்பர்களும் உழைத்து அச்சேற்றினார்கள். அடுப்பு வடலூரில் எரிந்தது, புத்தகம் பட்டணத்தில் அச்சானது. வம்பு வரும் என்று பயந்து அவர் விட்டு வந்த ஊர்தான் அவர் பாடலை நமக்குக் கொடுத்தது. விலகியவருக்கும் விலகிய இடத்துக்கும் நடுவில் கொடுக்கல் வாங்கல் நின்றுபோக வேண்டியதில்லை. அச்சுத் தொழிலை வைத்துப் பிழைப்பவள் என்பதால் எனக்கு இந்த இடம் மிகவும் நெருக்கமானது. பாட்டிக்கு மாதாமாதம் ஒரு தொகை அனுப்புகிறோம். இது தருமக் கணக்கில் வராது. அவருடைய தெருவில் இருந்துதான் எங்கள் மகள் வளர்ந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் தருமச்சாலைக்குப் போய்க் காய் நறுக்குகிறேன். பூசணி, கத்தரி, வாழைக்காய், எது வருகிறதோ அது. அங்கே உட்கார்ந்திருக்கும்போது மனசு நிறைந்துவிடும். அந்த நிறைவைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். சாலைக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்துவிட்டு, வரும் வழியில் கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்பவர்களைப் பார்க்கிறேன். அரிசி கொடுத்தது நல்லதுதான். ஆனால் ஒருவரை இலைக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்கிற பசி எங்கிருந்து வருகிறது? குறைத்துக் கேட்ட இரண்டு ரூபாயிலிருந்தும் வருகிறது. வெந்த விரலுக்குக் கொடுக்காத கூலியிலிருந்து வருகிறது. ஏறிய வாடகையிலிருந்து வருகிறது. அணையா அடுப்பு, வந்துவிட்ட பசியைத் தீர்க்கிறது. பசியை வரவழைக்காமல் இருப்பது என் வீட்டு வாசலில் நான் செய்ய வேண்டிய ஜீவகாருண்யம் என்று நினைக்கிறேன். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்கு ஏழுகிணற்றில் என்ன கொடுத்தேனோ அதையே இங்கேயும் கொடுக்கிறேன். "ஊர் வழக்கத்தைக் கெடுக்கறீங்க" என்று எதிர்வீட்டில் குறைப்பட்டார்கள். கெட வேண்டிய வழக்கம்தான் அது.

இப்போது ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்காரருக்கு இதே வரிசையில் இன்னொரு வீடு உண்டு. அதில்தான் முந்திரி உடைக்கிற அக்கா குடும்பம் இருக்கிறது. வாடகை 4,000. என் கணவரோடு பழைய கடையில் வேலை செய்த ஒருவர், சென்னையில் கட்டுப்படவில்லை, எங்களைப் போலவே இங்கே வந்துவிட வேண்டும் என்கிறார். 8,000 வரை தரத் தயார். வீட்டுக்காரர் காதுக்கு அது எட்டிவிட்டது. "அவங்களைக் காலி பண்ணச் சொல்லிடலாம்னு இருக்கேன், நீங்களே பேசி முடிச்சுக் கொடுங்கம்மா" என்று என்னிடம் வந்தார். எனக்கு நன்மை செய்வதாக நினைத்துத்தான் வந்தார்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். சென்னை நண்பருக்கும் போன் செய்து, ஆள் குடியிருக்கிற வீட்டைக் கேட்க வேண்டாம், பூட்டிக் கிடக்கிற வீடு குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருக்கிறதா என்று நாத்தனாரிடம் விசாரிக்கிறேன், இங்கத்திய வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் கூட்டிச் சொல்லாதீர்கள் என்றேன். அவருக்கு வருத்தம்தான். "எங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியாதா அண்ணி?" என்றார். நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்காரரிடம் அக்கா வீட்டு வாடகையை ஏற்றாமல் இருக்கச் சொல்லி நானும் கணவரும் நேரில் போய்க் கேட்டோம். அதற்கு ஈடாக எங்கள் வாடகையில் 500 கூட்டித் தருகிறோம் என்று கணவர் தானாகவே சொன்னார், நான் எதிர்பார்க்கவில்லை. சித்திரைக்குப் பிறகு பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.